பார்சல் கவுன்ட்டரில் ஒரு சரித்திரக்காரி

இரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் மேஜைமேல் ஒரு சைக்கிள் மணி உண்டு. சைக்கிள் கிடையாது, மணி மட்டும்தான். ஒரு மரக்கட்டையில் நான்கு திருகாணி போட்டு முடுக்கி வைத்திருந்தது. டீச்சரின் கணவன் செய்து கொடுத்தது என்று சொன்னால் அது கால்வாசி உண்மை. முதல் ஆணியை முடுக்கியதும் அவனுக்கு ஃபோன் வந்தது. "மீதியை அப்புறம் பாத்துக்கலாம்" என்று எழுந்து போனவன் போனவன்தான். மற்ற மூன்றையும் முடுக்கியது அவனுடைய அக்கா. அந்த வீட்டில் அலமாரி, குழாய், துணி காயப்போடும் கம்பி எல்லாமே இப்படித்தான் உருவாகின. தம்பி ஆரம்பிப்பான், அக்கா முடிப்பார்.

மணிக்கு வேலை ஒன்றுதான். பழங்காலத்து மனிதர்களைப் பற்றி வகுப்பில் யார் எதைச் சொன்னாலும், யார் வேண்டுமானாலும் ஓடிவந்து அதை அடிக்கலாம். அடித்துவிட்டு, "எப்படித் தெரியும்?" என்று கேட்க வேண்டும். சொன்னவர் பதில் சொல்லியாக வேண்டும், டீச்சராக இருந்தாலும். மூன்று பதில்தான் செல்லும். பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள் என்பது ஒன்று. அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது என்பது இன்னொன்று. இரண்டும் இல்லையென்றால், "தெரியாது". அப்படிச் சொல்வதில் ஒரு கௌரவக் குறைச்சலும் கிடையாது. தெரியாததை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, சன்னலோரம் இருக்கும் பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். டப்பாவின் மேல் 'தெரியாது டப்பா' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

"டப்பா நிறைஞ்சா என்ன டீச்சர் கிடைக்கும்?" என்று முதல் நாளே ஒருவன் கேட்டான்.

"இன்னொரு டப்பா கிடைக்கும்" என்றாள் டீச்சர்.

குழந்தைகள் அவளுக்கு மணி டீச்சர் என்று பெயர் வைத்தார்கள். அவளுடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

அந்தப் பருவத்துப் பாடம், உலகத்தில் பெயர் சொல்லும்படி வாழ்ந்த ஒன்பது பெண்கள். சுவர் நெடுக ஒரு கயிறு கட்டி, ஒன்பது அட்டைகளைக் கிளிப் போட்டுத் தொங்கவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு பெண். ஆனால் மணி இருக்கும் வகுப்பில் ஒரு நாளில் யாருடைய வாழ்க்கைதான் முடியும்? காயம்பட்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்ட ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல், ராத்திரியில் கையில் விளக்கோடு படுக்கை படுக்கையாக நடந்து போவார் என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, டிரிங்!

"எப்படித் தெரியும்? ராத்திரின்னா எல்லாரும் தூங்கிட்டு இருப்பாங்கல்ல? யார் பார்த்தா?"

"அடிபட்டு வலி இருந்தா தூக்கம் வருமாடா கண்ணா? முழிச்சிட்டு இருந்தவங்கதான் பார்த்துச் சொன்னாங்க."

கேட்டவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, செல்லும்" என்று இடத்துக்குப் போனான். நீதிபதி எழுந்து போவது போல இருந்தது.

பெயர்களும் ஏழு வயது நாக்கில் நிற்கவில்லை. நைட்டிங்கேல் 'விளக்கம்மா' ஆனார். கடலோரப் பாறையில் பூதாகாரமான எலும்புக்கூடுகளைத் தோண்டியெடுத்த மேரி ஆனிங், 'எலும்பக்கா'. மேரி கியூரியின் நோட்டுப்புத்தகங்களில் இன்றைக்கும் கதிர்வீச்சு இருப்பதால் ஈயப் பெட்டியில்தான் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டதும், மொத்த வகுப்பும் தன் நோட்டைத் தூரமாகத் தள்ளி வைத்தது. அவர் பெயர் 'டேஞ்சர் நோட்டம்மா'.

இவ்வளவு கலகலப்புக்கும் நடுவில் டீச்சருக்கு மட்டும் ஒரு கவலை இருந்தது. நான்கு வருஷமாக அவள் தற்காலிக ஆசிரியை. முதல் பள்ளியில், பிரசவ விடுப்பில் போனவருக்குப் பதிலாகச் சேர்ந்தாள். அவர் குறித்த தேதிக்கு ஒரு வாரம் முன்பே திரும்பி வந்தார். இரண்டாவது பள்ளியில் கால் முறிந்தவருக்குப் பதில். அந்தக் காலுக்கு என்ன அவசரமோ, டாக்டர் சொன்ன கெடுவுக்கு முன்பே ஒட்டிக்கொண்டது. இந்தப் பள்ளியில்தான் முதல்தடவையாகத் திரும்பி வர ஆளில்லாத, நிஜமாகவே காலியான இடம் இருந்தது.

அந்த இடம் யாருக்கு என்பது தலைமையாசிரியையின் கையில். அவருடைய செருப்புச் சத்தம் வராந்தா முனையில் கேட்டாலே வகுப்புகள் வரிசையாக அடங்கிக்கொண்டு வரும். ஒருநாள் அவர் வாசலில் நின்று மணியையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வியாழக்கிழமை பெத்தவங்க வகுப்பைப் பார்க்க வர்றாங்க. அன்னிக்குச் சாயங்காலம் உங்க விஷயத்தை முடிவு பண்ணிடுவேன். இந்த மணி, டப்பா எல்லாம் எனக்குப் புரியல. பசங்களுக்குப் புரிஞ்சா சரி. ஆனா ஒண்ணு, சுவர்ல ஒரு தப்பு இருக்கக் கூடாது. போன வருஷம் இதே சுவர்ல ஒருத்தர் உலகப் படம் ஒட்டி, அதுல ஒரு கடலையே விட்டுட்டாங்க. ஒரு அப்பா வந்து என் முன்னாடி ஒரு மணி நேரம் உக்காந்துட்டுப் போனார்."

"ஒரு தப்பும் இருக்காது மேடம்" என்றாள் டீச்சர். அப்போது அவள் மனதார நம்பித்தான் சொன்னாள்.

சிக்கல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. ஒன்பது பெண்களில் ஏழு பேருக்குப் புகைப்படமோ, அவர்கள் காலத்தில் வரைந்த ஓவியமோ இருந்தது. பார்த்து வரைந்துவிட்டாள். இரண்டு பேருக்கு ஒன்றுமே இல்லை. ஒருவர், கணக்கும் வானசாஸ்திரமும் சொல்லிக்கொடுத்த ஹைப்பேஷியா. இன்னொருவர், சீனாவின் பான் ஜாவ். அரச குலத்தின் வரலாற்றை அவருடைய அண்ணன் எழுதிக்கொண்டிருந்தபோதே இறந்துபோக, விட்ட இடத்திலிருந்து எடுத்து எழுதி முடித்தவர். ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆள். பல நூற்றாண்டு கழித்து, பார்க்காதவர்கள் போட்ட படங்கள்தான் உண்டு.

காலியாக விடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தலைமையாசிரியையின் முகம் கண்முன் வந்தது. முகமே இல்லாத அட்டையைத் தொங்கவிட்டால், 'இந்த டீச்சருக்கு ஒன்றும் தெரியவில்லை' என்றல்லவா நினைப்பார்கள்?

நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நாத்தனார். தம்பி பாதியில் விட்ட மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, புருவத்தை நெறித்து, கையில் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்திருந்தார். அகலமான நெற்றி. இடது கன்னத்தில் மிளகளவு ஒரு மச்சம். விட்டதை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டேன் என்கிற உதடு. டீச்சரின் பென்சில் அவளைக் கேட்காமலே ஓடத் தொடங்கியது. தலைமுடியை மாற்றி உயரக் கட்டினாள். ஸ்க்ரூடிரைவரைத் தூரிகை ஆக்கினாள். பத்து நிமிஷத்தில் பான் ஜாவ் தயார்.

பான் ஜாவ், மருமகளாகப் போகிறவள் கணவனின் கூடப்பிறந்தவர்களிடம் எப்படி அனுசரித்து நடக்க வேண்டும் என்றும் எழுதி வைத்திருக்கிறார் என்று படித்திருந்தாள். அதை வகுப்பில் சொல்வதாக உத்தேசமில்லை. ஆனாலும் நாத்தனாரைப் பார்த்துச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னம்மா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா. மிக்ஸி ஓடுமா?"

"ஓடாம எங்க போகும்? உன் புருஷன்தான் எடுத்ததைப் போட்டுட்டு ஓடுவான்."

ஹைப்பேஷியாவுக்கு வீட்டில் ஆள் இல்லை. ஞாபகத்திலிருந்து வரைந்தாள். இரண்டு மாதமாக ஞாபகத்தில் குடியிருந்த முகம் ஒன்றே ஒன்றுதான்: வாசலில் வந்து நின்று மணியையும் டப்பாவையும் பார்த்த முகம். நறுக்கென்ற மூக்கு, கண்ணாடிக்கு மேலே எட்டிப் பார்க்கும் கண், மூக்கிலிருந்து வாய்வரை இறங்கும் இரண்டு கோடு. கண்ணாடியை மட்டும் எடுத்துவிட்டாள். வரைந்து முடித்துப் பார்த்தபோது பகீரென்றது. கணவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.

"ஒண்ணு அக்கா. இன்னொண்ணு யாரு, ரொம்பக் கோவக்காரியா இருக்காங்க?"

"வாயை மூடுங்க. கேட்டுடப் போறாங்க."

"கண்ணாடி இல்லாம யாருக்கும் அவங்க முகம் அடையாளம் தெரியாது, விடு" என்றான். எதையும் பாதியில் விடுகிறவன் ஆறுதலை மட்டும் முழுதாகச் சொன்னான்.

திங்கட்கிழமை இரண்டு அட்டையும் கயிற்றில் ஏறின. ஹைப்பேஷியா 'நட்சத்திர டீச்சர்' ஆனார். பான் ஜாவுக்கு 'மிச்ச அத்தை' என்று பெயர் விழுந்தது, அண்ணன் மிச்சம் வைத்ததை முடித்தவர் என்பதால். மணி பன்னிரண்டு தடவை அடித்தது. அண்ணன் எழுதியது எப்படித் தெரியும், மீதியை எழுதச் சொல்லி அரசன் இவரைக் கூப்பிட்டது எப்படித் தெரியும், எல்லாவற்றுக்கும் டீச்சர் பதில் சொன்னாள். முகத்தைப் பற்றி மட்டும் ஒரு குழந்தையும் கேட்கவில்லை. படம் கண்ணெதிரே தொங்கும்போது என்ன கேள்வி? பொருள் இருக்கிறதே!

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. கூடவே உறுத்தலாகவும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை நாத்தனார் வேலையிலிருந்து வந்து, நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தார். தபால் நிலையத்தில் பார்சல் கவுன்ட்டர் அவருடையது. கயிறு தளர்ந்த பார்சலோ, முகவரி கோணிய பார்சலோ அவரைத் தாண்டிப் போனதாகச் சரித்திரம் இல்லை. பார்சல் வாங்க வருகிறவர்களின் அடையாள அட்டையை வாங்கி, அட்டையில் உள்ள முகத்தையும் எதிரே நிற்கும் முகத்தையும் மூன்று தடவை ஒப்பிட்டுப் பார்ப்பார். போன வாரம்தான் தாடி வைத்த ஒருவரை வீட்டுக்குப் போய் மழித்துக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்.

"இன்னிக்கு ஒரு கூத்து கேளுங்க" என்றார். "ஒரு சின்னப் பொண்ணு, முன்பல் ஒண்ணு ஆடுது, அதை நாக்கால ஆட்டிக்கிட்டே அம்மாகூட வரிசையில நிக்குது. என்னைப் பார்த்துச்சு. அப்படியே வாயைப் பொளந்துடுச்சு. 'அம்மா, இவங்க செத்துப் போயிட்டாங்க!'ன்னு கத்துது."

கணவனுக்குப் புரையேறியது. டீச்சர் தண்ணீர் எடுக்கப் போகிற சாக்கில் சமையலறைக்குள் புகுந்துகொண்டாள்.

"அவங்கம்மா வாயைப் பொத்துறா. பொண்ணு விடுமா? 'செத்து ஆயிரத்துத் தொள்ளாயிரம் வருஷம் ஆச்சு, எங்க டீச்சர் சொன்னாங்க'ங்குது. வரிசையில இருந்த அத்தனை பேரும் என்னையே பார்க்குறாங்க. ஒருத்தர், 'அதான் கவுன்ட்டர் இவ்வளவு மெதுவா நகருது'ங்கிறார்! அந்த ஆளோட பார்சலைத் திருப்பிக் கொடுத்துட்டேன். கயிறு சரியில்ல."

"எந்த ஸ்கூல் பொண்ணாம்?" என்று கணவன் அப்பாவியாகக் கேட்டான். சமையலறையிலிருந்து ஒரு கரண்டி விழும் சத்தம் கேட்டது.

"எதுவா இருந்தா என்ன? அந்த டீச்சரை ஒருநாள் பார்க்கணும். உசுரோட இருக்கிறவளைச் செத்துட்டான்னு பாடம் நடத்துறா!"

புதன்கிழமை டீச்சர் எல்லோருக்கும் முன்னால் பள்ளிக்குப் போனாள், கையில் ரப்பரும் பென்சிலுமாக. மச்சத்தை அழித்தாள், அழித்த இடம் அழுக்காகி, மச்சம் பெரிதானது. நெற்றியைக் குறுக்கினாள், நாத்தனார் கோபமாக இருக்கும்போது நெற்றி சரியாக இப்படித்தான் குறுகும். உதட்டைக் கொஞ்சம் தளர்த்தினாள்; பார்சலைத் திருப்பிக் கொடுக்கும் நிமிஷத்துச் சிரிப்பு வந்து உட்கார்ந்தது. தொடத் தொடச் சாயல் கூடிக்கொண்டே போயிற்று. பிள்ளைகள் வருகிற சத்தம் கேட்டு அட்டையை மறுபடி கயிற்றிலேயே மாட்டினாள்.

ஆடும் பல்லுக்குச் சொந்தக்காரி பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. நேராக வந்து மணியை அடித்தாள். வகுப்பில் அவளுக்குப் பல்லாட்டி என்று பெயர்.

"டீச்சர், மிச்ச அத்தை செத்துட்டாங்கன்னு எப்படித் தெரியும்?"

"ரொம்ப வருஷம் ஆச்சுல்லம்மா. அவ்வளவு வருஷம் யாரும் இருக்க முடியாது."

"இருக்காங்க. நான் பார்த்தேன். பார்சல் வாங்குறாங்க."

வகுப்பு எழுந்து நின்றுவிட்டது. பார்த்தவர் சொன்னால் செல்லும் என்பது டீச்சர் போட்ட சட்டம். பல்லாட்டி பார்த்திருக்கிறாள்.

"அது... ஒரே மாதிரி முகம் சில பேருக்கு இருக்கும்" என்றாள் டீச்சர். "சாயல்."

டிரிங்! "சாயல்னு எப்படித் தெரியும்?"

"அதை நாளைக்குச் சொல்றேன்."

இருபத்தாறு குழந்தைகளும் அவளையே பார்த்தார்கள். மூன்று பதில்தான் செல்லும். 'நாளைக்குச் சொல்றேன்' அந்த மூன்றில் இல்லை. ஒரு பையன் பக்கத்தில் இருந்தவனிடம், "டீச்சர் அவுட்" என்று மெதுவாகச் சொன்னான். அது தலைமையாசிரியையின் செருப்புச் சத்தத்தைவிடக் கூர்மையாக அவள் காதில் விழுந்தது.

அன்று பூராவும் மணியை ஒருவரும் அடிக்கவில்லை. பாடம் சரசரவென்று நகர்ந்தது. நட்டநடுப் பாலைவனத்தில் கார் ஓட்டுவது போல இருந்தது.

பல்லாட்டி மட்டும் சும்மா இருக்கவில்லை. அன்று மாலையே அம்மாவைத் தரதரவென்று தபால் நிலையத்துக்கு இழுத்துப் போனாள். கவுன்ட்டரின் விளிம்பைப் பிடித்து எம்பி நின்று, "நாளைக்கு எங்க ஸ்கூலுக்கு வாங்க. நீங்க உசுரோட இருக்கீங்கன்னு நான் சொன்னா யாரும் நம்பல" என்றாள். பள்ளியின் பெயரைக் கேட்டதும் நாத்தனாரின் புருவம் நெறிந்தது. தன் தம்பி மனைவி வேலை பார்க்கும் பள்ளி. ஞாயிற்றுக்கிழமைச் சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது. வீட்டில் மூச்சுவிடாமல், அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார்.

வியாழக்கிழமை. சுவரோரமாக அப்பா அம்மாக்கள் நெருக்கியடித்து நின்றார்கள். கடல் விட்டுப்போனதைக் கண்டுபிடித்த அப்பாவும் ஒரு மூலையில், கையைக் கட்டிக்கொண்டு. தலைமையாசிரியை நடுவில் நாற்காலி போட்டு, மடியில் ஒரு நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். குழந்தைகள் ஒவ்வொருவராக அட்டைக்குப் பக்கத்தில் நின்று இரண்டு வரி சொன்னார்கள். விளக்கம்மா நல்லபடி முடிந்தார். எலும்பக்காவுக்குக் கைதட்டல்கூட விழுந்தது. தலைமையாசிரியை நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். முகத்தில் கடுகடுப்பு ஒரு சுற்றுக் குறைந்திருந்தது. இன்னும் அரைமணி தாக்குப்பிடித்தால் வேலை நிச்சயம் என்று டீச்சர் கணக்குப் போட்டாள்.

"வந்துட்டாங்க!" என்று பல்லாட்டி கத்தினாள்.

வாசலில் நீலக் கோட்டு. பல்லாட்டி ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து நேராக மிச்ச அத்தையின் அட்டைக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தினாள். மேலே ஒரு முகம், கீழே அதே முகம். இரண்டும் டீச்சரை முறைத்தன.

"அட, பார்சல் கவுன்ட்டர் மேடம்!" என்றார் கடல் அப்பா. அவரும் ஒரு காலத்தில் கயிறு சரியில்லாமல் திரும்பிப் போனவர்தான்.

தலைமையாசிரியை நோட்டை மூடினார். "டீச்சர், என்ன இது?"

தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. 'தற்செயலா ஒரே மாதிரி அமைஞ்சிடுச்சு மேடம்' என்று ஒரு வரி. வீட்டுக்குப் போய் நாத்தனாரைச் சமாளித்துக்கொள்ளலாம். வாயில் அந்த வரி உருண்டுகொண்டிருந்தபோதே மணி அடித்தது. நேற்றிலிருந்து ஊமையாக இருந்த மணி.

"மிச்ச அத்தையோட முகம் இதுதான்னு எப்படித் தெரியும்?" என்று பல்லாட்டி கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை. டீச்சருக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பது போலத்தான் கேட்டாள்.

டீச்சர் சன்னலோரம் இருந்த டப்பாவைப் பார்த்தாள்.

"தெரியாது" என்றாள். "யாருக்குமே தெரியாது. அவங்க இருந்தப்போ போட்ட படம் எதுவும் இப்ப இல்ல. நானா ஒரு முகம் போட்டேன். இவங்க எங்க வீட்டுக்காரரோட அக்கா. இவங்களைப் பார்த்துத்தான் போட்டேன்."

"அப்ப மிச்ச அத்தை பொய்யா?" என்று ஒருவன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

"இல்லடா. அவங்க எழுதினது நிஜம், முடிச்சது நிஜம். முகம் மட்டும்தான் என்னோடது."

"ஏன் டீச்சர் முன்னாடியே சொல்லல?"

"பயமா இருந்துச்சு. முகம் இல்லாம மாட்டினா, டீச்சருக்கு ஒண்ணும் தெரியலன்னு எல்லாரும் நினைச்சிடுவாங்களோன்னு."

வகுப்பு இதை யோசித்தது. பயம் என்பது அவர்களுக்குத் தெரிந்த சமாச்சாரம். முதல் வரிசையிலிருந்து ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் கைமாறி வந்தன. "எழுதி டப்பால போடுங்க டீச்சர்." அவள் எழுதிப் போட்டாள். டப்பாவை மூடிய சத்தத்தில் வகுப்புக்கே பெருமூச்சு வந்தது.

நாத்தனார் இதற்குள் அட்டையை மூக்கருகில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, என்னைக் கேட்டிருந்தா நல்லதா ஒரு துணி உடுத்திக்கிட்டு உக்காந்திருக்க மாட்டேனா? மிக்ஸியைப் பிரிக்கிறப்பவா புடிப்ப? கையில இது என்ன, ஸ்க்ரூடிரைவரா?"

"தூரிகைக்கா" என்றாள் டீச்சர், பூமிக்குள் புகுந்துவிடும் குரலில்.

"இந்த அம்மா அப்படி என்னதான் பண்ணாங்க?"

"அவங்க அண்ணன் பாதியில விட்டுட்டுப் போன புத்தகத்தை இவங்கதான் எழுதி முடிச்சாங்க" என்று பல்லாட்டி ஒப்பித்தாள்.

நாத்தனாரின் நெறிந்த புருவம் மெல்ல விரிந்தது. "பாதியில விட்டுட்டா?" என்றார். "அப்ப ஆளைச் சரியாத்தான் புடிச்சிருக்க."

அங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் ஒரு முடிச்சை அவிழ்த்தவர்கள் அடுத்த முடிச்சைத் தேடாமல் இருப்பார்களா? டிரிங்!

"அப்ப நட்சத்திர டீச்சரோட முகம்?"

டீச்சர் தானாகவே ஒரு துண்டுச்சீட்டை எடுத்தாள். "அதுவும் தெரியாது."

"அது யாரைப் பார்த்துப் போட்டீங்க?"

பதில் சொல்ல வேண்டியவள் துண்டுச்சீட்டை டப்பாவில் போடுவதில் மும்முரமானாள். ஆனால் அந்த அறையில் முகம் ஒப்பிடுவதையே தொழிலாகக் கொண்ட ஒருவர் இருந்தார். நாத்தனார் நட்சத்திர டீச்சரைப் பார்த்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தார். மறுபடி அட்டை, மறுபடி நாற்காலி. மூன்று தடவை.

"அடையாள அட்டை தேவையில்ல" என்றார். "பார்சலைக் கொடுத்துடலாம்."

தலைமையாசிரியை எழுந்தார். செருப்புச் சத்தம் சுவர்வரை போய் நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத முகமும் கண்ணாடி இல்லாத முகமும் ஒன்றையொன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டன. கடல் அப்பா கட்டியிருந்த கையை எப்போதோ அவிழ்த்துவிட்டிருந்தார்.

"டீச்சர்."

"மேடம்."

"நான் எப்பவாவது இப்படிச் சிடுசிடுன்னு இருந்திருக்கேனா?"

"இல்ல மேடம்."

டிரிங்!

பல்லாட்டியின் கை மணிமேலேயே இருந்தது. தலைமையாசிரியை மெதுவாகத் திரும்பினார்.

"அடிச்சாச்சுல்ல. என்ன கேக்கணுமோ கேளு."

பல்லாட்டியின் கேள்வி டீச்சருக்குத்தான், ஆனால் கண் தலைமையாசிரியையின் மேல் இருந்தது. "இல்லன்னு... எப்படித் தெரியும்?"

தலைமையாசிரியை மணியைப் பார்த்தார், டப்பாவைப் பார்த்தார். புரியவில்லை என்று சொன்ன இரண்டும் அப்போதுதான் அவருக்கு விளங்கியது போல இருந்தது.

"பார்த்தவங்க சொன்னா செல்லும், அப்படித்தானே?" என்றார். "சரி. நான் இந்த மாதிரி இருந்ததை யார் யார் பார்த்திருக்கீங்க?"

இருபத்தாறு கைகள் உயர்ந்தன. கடல் அப்பாவின் கையும். இருபத்தெட்டாவதாக ஒரு கை, டீச்சருடையது, இடுப்புக்கு மேலே வந்து பாதியில் நின்றது. மீதியை, முழங்கையில் ஒரு தட்டுத் தட்டி, நாத்தனார் முடித்துவைத்தார்.

தலைமையாசிரியை கண்ணாடியை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். வராந்தா முனைக்குப் போனபிறகுதான் அவர் சிரிப்பது கேட்டது. அப்படி ஒரு சத்தத்தை அந்த வராந்தா கேட்டதே இல்லை என்பதால், பக்கத்து வகுப்புகள் பழக்கதோஷத்தில் அடங்கிப்போயின.

திங்கட்கிழமை உத்தரவு வந்தது. நிரந்தரம் என்று எழுதியிருந்தது. கீழே கையெழுத்தில் ஒரு நிபந்தனை: சுவரில் உள்ள முகங்களில் எது யாருடையது என்று அட்டையிலேயே குறிப்பிட வேண்டும், நட்சத்திர டீச்சரின் மூக்கிலிருந்து இறங்கும் கோடுகளில் ஒன்றையாவது குறைக்கலாம்.

டீச்சர் கோட்டைக் குறைக்கவில்லை. குழந்தைகள் சம்மதிக்கவில்லை, பார்த்தவர்கள் இருபத்தெட்டுப் பேர். குறிப்பை மட்டும் பல்லாட்டியின் கையெழுத்தில் எழுதி ஒட்டினார்கள். 'மிச்ச அத்தையின் முகம் தெரியாது. இப்போதைக்குப் பார்சல் அத்தை இரவல் கொடுத்திருக்கிறார்.'

பல், எழுதும்போதே விழுந்துவிட்டது. அதை வைக்க ஈயப் பெட்டி வேண்டும் என்று கேட்டாள். பிஸ்கட் டப்பாதான் கிடைத்தது.